திருப்பூரின் புலம்பெயர் தொழிலாளர்கள் குறித்து முனைவர் பட்ட ஆய்வு: முன்வரைவை எங்கிருந்து தொடங்குவது?

நொய்யல்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டின் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் சமூகவியல் துறையில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளராகச் சேர்ந்து, பாடநெறித் தாள்களை எழுதி முடித்திருக்கிறேன். அடுத்ததாக டாக்டோரல் கமிட்டியின் முன் ஆய்வு முன்வரைவை வைக்க வேண்டும். "திருப்பூர் மாவட்டப் பின்னலாடைத் தொழிலில் பணியாற்றும் வடமாநிலத் தொழிலாளர்களின் சமூகப் பொருளாதார நிலை: ஒரு சமூகவியல் ஆய்வு" என்பது இப்போதைக்கு நெறியாளரும் நானும் சேர்ந்து எழுதிவைத்துள்ள தலைப்பு.

துறையில் வழக்கமாகச் செய்வதைப் போலவே திட்டமிட்டிருக்கிறேன். 384 பேரிடம் நேர்காணல் அட்டவணையைக் கொண்டு தகவல் திரட்டுவது, அதைக் கணினியில் ஏற்றி விழுக்காட்டு அட்டவணைகளும் கை வர்க்கச் சோதனையும் (இரண்டு மாறிகளுக்கிடையே தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) செய்வது, பிறகு அறிமுகம், முன்னாய்வுகள், ஆய்வுமுறை, பகுப்பாய்வு, முடிவுகளும் பரிந்துரைகளும் என ஐந்து இயல்களாக எழுதுவது. ஆனால் இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்கா தளத்தில் தேடிப் பார்த்தபோது, மாவட்டப் பெயரையும் தொழிலின் பெயரையும் மாற்றினால் என் தலைப்பாகவே ஆகிவிடக்கூடிய ஆய்வேடுகள் வரிசையாக வந்து நின்றன. அவற்றிலிருந்து என் ஆய்வு எவ்வகையில் வேறுபடும் என்று கமிட்டியில் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் உறுதியான விடை இல்லை.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்திருப்பதால் பணத்திற்குப் பெரிய இடர்ப்பாடு இல்லை. இந்தி ஓரளவு பேசுவேன். ஒடியாவும் வங்கமும் தெரியாது. என் தாய்மாமா திருப்பூரில், மற்ற கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்துதரும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறார். அவருக்குத் தெரிந்த கம்பெனிகளில் நுழைந்து தொழிலாளர்களிடம் பேச ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். இந்த வழியைப் பயன்படுத்தலாமா, 384 என்ற எண் கட்டாயமா, கோட்பாட்டுப் பகுதியில் எதை வைப்பது, எல்லாவற்றுக்கும் முன்னதாக இந்தத் தலைப்பைக் கைவிடுவதா திருத்துவதா என்பவை குறித்து அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முன்னாள் நெறியாளர்

வணக்கம். தலைப்பைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் இன்னும் ஒரு கேள்வி பிறக்கவில்லை. யாரைப் பற்றி, எந்த ஊரில் என்ற இரண்டை மட்டுமே உங்கள் தலைப்பு சொல்கிறது. "சமூகப் பொருளாதார நிலை" என்று தொடங்கும் ஆய்வேடுகள் வயது, மதம், கல்வி, வருமானம், கடன், குடியிருப்பு என்று அட்டவணைகளை அடுக்கிவிட்டு, பெரும்பாலானோர் இளைஞர்கள், கல்வி குறைவு, வீட்டு வசதி போதாது, அரசு ஆவன செய்ய வேண்டும் என்று முடியும். இந்த முடிவுகளைக் களத்துக்குப் போகாமலேயே எழுதிவிடலாம் என்பதுதான் அவற்றின் குறை. ஒரு கேள்வி ஆய்வுக்குத் தகுதியானதா என்று அறிய நான் என் மாணவர்களிடம் வைத்திருந்த சோதனை எளியது: அந்த ஊரை நன்கு அறிந்த, விவரமான இருவர் அக்கேள்விக்கு நேர்மாறான விடைகளைச் சொல்ல முடியுமா? முடியுமானால் நீங்கள் போய்ப் பார்ப்பதற்கு அங்கே ஏதோ இருக்கிறது.

திருப்பூரைப் பொறுத்தவரை அத்தகைய கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. ஷரத் சாரி 2004-இல் வெளியிட்ட "ஃபிரட்டர்னல் கேபிடல்" என்ற நூலை நீங்கள் படித்திருப்பீர்கள்; இல்லையென்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைப் படியுங்கள். வேளாண்மைப் பின்னணியிலிருந்து வந்த கவுண்டர் சமூகத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினர் எவ்வாறு பனியன் கம்பெனி முதலாளிகளாக மாறினார்கள் என்பதும், அந்த மாற்றத்தைத் தங்கள் சொந்த உழைப்பின் பயனாக மட்டுமே அவர்கள் எவ்வாறு விளக்கிக்கொள்கிறார்கள் என்பதும் அந்நூலின் மையம். உழைப்பைப் பற்றிய அந்தப் பேச்சுக்குப் பின்னால் சாதி உறவுகளும், எல்லோருக்கும் எட்டாத கடன் வசதியும், தொழிலாளரை அடக்கி நடத்தும் முறைகளும் இருந்தன என்று அவர் காட்டுகிறார். இப்போது உங்களுக்கான கேள்வியைப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து கைமடியாக (டைலருக்கு உதவியாளராக) சேர்ந்து, டைலராகி, பவர் டேபிள் கான்ட்ராக்ட் (தையல் வேலையை ஆட்களை வைத்து ஒப்பந்தமாகச் செய்துதருவது) எடுக்கும் நிலைக்கு உயர்ந்த சிலர் இன்று திருப்பூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அந்த ஏணி திறந்திருக்கிறதா? "உழைத்தால் யாரும் முதலாளி ஆகலாம்" என்று உங்கள் மாமா சொல்லக்கூடும். ஏணியை எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று ஒரு தொழிற்சங்கக்காரர் சொல்வார். இருவரும் விவரமானவர்கள்தான்.

இதை இன்னும் கூர்மையாக்க வேண்டுமானால் ஒப்பீடு ஒன்றைத் திட்டத்திற்குள்ளேயே வையுங்கள். கிரேஸ் கார்ஸ்வெலும் கீர்ட் டி நீவும் திருப்பூரைச் சுற்றியுள்ள இரண்டு சிற்றூர்களை ஒப்பிட்டு 2014-இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல முன்மாதிரி. ஓர் ஊரின் தலித் மக்கள் பனியன் வேலைக்கு நாள்தோறும் போய்வரத் தொடங்கியதால் ஊர் ஆதிக்கத்திலிருந்து ஓரளவு விடுபட்டார்கள். மற்றோர் ஊரில் விசைத்தறி முதலாளிகளிடம் வாங்கிய முன்பணம் அவர்களைக் கட்டிப்போட்டது. வட்டாரம் ஒன்றே, விளைவு இரண்டு. ஒரே ஊரை மட்டும் பார்த்திருந்தால் "தொழில்மயமாதல் சாதியைத் தளர்த்துகிறது" என்றோ "தளர்த்தவில்லை" என்றோ தவறாக எழுதியிருக்க நேர்ந்திருக்கும்.

உங்கள் ஆய்வில் ஒப்பிடத்தக்கவை எவை? எனக்குத் தோன்றுவது, தொழிலாளர்கள் வந்துசேரும் வழிகள். உறவினர் அல்லது ஊர்க்காரர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு வருபவர்கள் ஒரு வகை. கான்ட்ராக்டர் மூலம் குழுவாக வருபவர்கள் இன்னொரு வகை. 2014-இல் தொடங்கப்பட்ட தீன் தயாள் உபாத்தியாய கிராமின் கௌசல்ய யோஜனா போன்ற அரசுப் பயிற்சித் திட்டங்களின் வழியாக ஒடிசா, ஜார்க்கண்ட் சிற்றூர்களிலிருந்து நேரே கம்பெனி ஹாஸ்டலுக்கு வந்து இறங்கும் இளம்பெண்கள் மூன்றாம் வகை. ஒருவர் எந்த வழியாக வந்தார் என்பது, முதல் கம்பெனியை விட்டு வெளியேறவும் கூலியைப் பேசி உயர்த்தவும் வேலை மாறவும் அவருக்குள்ள வாய்ப்பை எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது? இதையே மையக் கேள்வியாக வைத்தால் ஏணி பற்றிய கேள்வியும் அதற்குள் அடங்கிவிடும். "வடமாநிலத்தவர்" என்ற ஒற்றைத் தொகுப்புக்குள் பீகாரின் பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஆண்களையும், ஒடிசாவின் பழங்குடிப் பெண்களையும், வங்காள முஸ்லிம்களையும் சேர்த்துப் போட்டுச் சராசரி எடுக்கும் அபத்தமும் தவிர்க்கப்படும்.

கோட்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இரண்டாம் இயலில் இடப்பெயர்வுக் கோட்பாட்டாளர்களான 1885-ஆம் ஆண்டின் ரேவன்ஸ்டைனில் தொடங்கி, 1966-ஆம் ஆண்டின் லீ வழியாகத் தள்ளு காரணி, இழு காரணி (ஊரை விட்டு வெளியேறத் தூண்டுபவை, புதிய ஊருக்கு ஈர்ப்பவை) என்று இருபது பக்கம் எழுதிவிட்டு, பகுப்பாய்வில் அவர்களை மறந்தும் தொடாத ஆய்வேடுகளைத் திருத்திச் சலித்தவன் நான். உங்கள் கேள்வியோடு மோதும் வாதம் ஒன்றை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதனோடு உரையாடுங்கள். எடுத்துக்காட்டாக, சமூகவியலாளர் யான் பிரெமன் தெற்கு குஜராத்தில் பல பத்தாண்டுகள் செய்த களப்பணியிலிருந்து ஒரு வாதத்தை வைக்கிறார்: கரும்பு வெட்டுவதற்கு உள்ளூரிலேயே நிலமற்ற ஹள்பதி தொழிலாளர்கள் இருக்கும்போது வெளியூர் ஆட்களை இறக்குவது வெறும் ஆள் பற்றாக்குறையால் நிகழ்வதன்று; வெளியூராரை அடக்கி வேலை வாங்குவது எளிது என்பதும் ஒரு காரணம். திருப்பூரில் எந்த முதலாளியிடம் கேட்டாலும் "ஆள் கிடைக்கவில்லை" என்பதுதான் முதல் விடையாக இருக்கும். பஞ்சப்படி கேட்டு 1984-இல் நீண்ட வேலைநிறுத்தம் நடத்திய தொழிலாளர்களைக் கொண்ட ஊர் அது. அத்தகைய ஊரில் அந்த விடையை எவ்வளவு தூரம் ஏற்பது என்பது கோட்பாட்டுக் கேள்வியும்கூட.

களக்குறிப்பு

நெறியாளர் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். நான் கொங்குப் பகுதியின் நூற்பாலை ஹாஸ்டல்களைச் சார்ந்து களப்பணி செய்தவள் என்பதால், களத்தில் நுழைவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மாமாவின் உதவியை முற்றிலும் ஒதுக்க வேண்டாம். ஆனால் அதைத் தொழிலாளர்களைச் சந்திப்பதற்கான வாயிலாகக் கொள்ளாதீர்கள். மேனேஜர் அழைத்து உட்காரவைத்த தொழிலாளி, முதலாளியின் மருமகளாகவே உங்களைப் பார்ப்பார். கூலி சரியாக வருகிறதா என்ற கேள்விக்கு அவர் வேறு என்ன விடை சொல்வார்? மாமாவின் வழியாக முதலாளிகள், ஜாப் ஒர்க் உரிமையாளர்கள், ஏஜெண்டுகள் ஆகியோரைச் சந்தியுங்கள். யாருடைய பேச்சை வைத்து ஆள் எடுக்கிறார்கள், எந்த வேலைக்கு எந்த மாநிலத்தாரை விரும்புகிறார்கள், ஆர்டர் இல்லாத மாதங்களில் யாரை முதலில் நிறுத்துகிறார்கள் என்பவற்றை அவர்கள் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் எளிதில் பெற முடியாத தரவு இது. தொழிலாளர்களை அவர்கள் குடியிருக்கும் இடத்தில், கம்பெனிக்குத் தொடர்பில்லாத வேறொரு வழியாகச் சந்தியுங்கள். மாமாவின் யூனிட்டையும் அவருக்கு நேரடியாக வேலை கொடுக்கும் கம்பெனிகளையும் ஆய்வுக் களத்திலிருந்தே விலக்கிவிடுவது நல்லது. உங்களுக்கு இந்த உறவு இருப்பதை ஆய்வுமுறை இயலில் வெளிப்படையாக எழுத வேண்டும். தொழிலாளர்கள் கேட்டால் அவர்களிடமும் மறைக்கக் கூடாது.

நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். காலை எட்டரைக்கு உள்ளே போகும் தொழிலாளி ஒன்றரை ஷிப்ட் முடித்து வெளியே வரும்போது இரவு எட்டரை தாண்டியிருக்கும். அதன் பிறகு சமையல், துணி, ஊருக்கு வீடியோ அழைப்பு. அப்போது போய் நாற்பது கேள்விகள் கொண்ட அட்டவணையை நீட்டுவது முறையன்று. சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைதான் மனிதர்கள் நிதானமாகப் பேசுவார்கள். அன்றைக்கு இரயில் நிலையப் பகுதியும் பழைய பேருந்து நிலையமும் காதர்பேட்டையும் எப்படி இருக்கின்றன என்று பல வாரங்கள் வெறுமனே சுற்றிப் பாருங்கள். யார் யாரோடு வருகிறார்கள், எந்தக் கடையில் நின்று ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், ஹாஸ்டல் பெண்கள் வார்டனோடு வருகிறார்களா தனியாக வருகிறார்களா என்பவையெல்லாம் குறிப்பேட்டில் ஏற வேண்டியவை. ஹாஸ்டலுக்குள் நுழைய அனுமதி கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் வார்டன் பக்கத்திலேயே நிற்பார். ஹாஸ்டலை விட்டு வெளியேறி வாடகை லைன் வீட்டில் தங்கும் பெண்களிடம் ஹாஸ்டல் வாழ்க்கையைப் பற்றிப் பின்னோக்கிக் கேட்பது பயனளிக்கும்.

ஆண்டு முழுவதும் களம் ஒரே மாதிரி இருக்காது. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு, அதற்கு ஆறாம் நாள் வரும் சட் பூசைக்காகப் பீகார்க்காரர்கள் கிளம்புவார்கள். ஹோலிக்கு இன்னொரு கூட்டம் போகும். ஜூன் மாத ரஜ விழாவுக்கு ஒடிசாக்காரர்கள் போவார்கள். சொந்த மாநிலத்தில் தேர்தல் வந்தாலும் வரிசைகள் காலியாகும். திரும்பி வருபவர்கள் பழைய கம்பெனிக்கே வருகிறார்களா என்பதுதான் உங்கள் கேள்விக்கு நேரடியான சான்று. ஆகவே களப்பணிக் காலத்தைத் தீபாவளிக்கு முன்பு தொடங்கிப் பொங்கலுக்குப் பின்பு வரை நீளுமாறு அமையுங்கள். தன்பாத்திலிருந்து ஆலப்புழை செல்லும் விரைவு இரயில் வந்து நிற்கும் வேளையில் நடைமேடையில் நின்று பார்ப்பதும் களப்பணிதான்.

மொழியைப் பொறுத்தவரை உங்கள் இந்தி பீகார், ஜார்க்கண்ட் ஆண்களிடம் தொடக்கத்துக்குப் போதும். ஒடியா பேசும் பெண்களிடம் பேச, கம்பெனிப் பணியாளராகவோ கான்ட்ராக்டரின் உறவினராகவோ இல்லாத ஒரு பெண் துணையாளர் தேவை. அவருக்குக் கொடுக்க வேண்டிய ஊதியத்தை முன்வரைவின் செலவுத் திட்டத்திலேயே காட்டுங்கள்.

கடைசியாக ஒன்று. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பலர் அஞ்சி ஊருக்குக் கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். பெயர், ஊர், ஆதார் என்று கேட்டுக்கொண்டு வருபவர் காவல்துறையா, அரசா, கட்சியா என்ற ஐயம் எழுவது இயல்பு. முழுப் பெயரும் அடையாள எண்ணும் உங்களுக்குத் தேவையே இல்லை, கேட்காதீர்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதைவிட, ஆய்வின் நோக்கத்தை அவர்கள் மொழியில் விளக்கி வாய்மொழி ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்வதைக் கமிட்டியிடம் முன்கூட்டியே சொல்லி ஏற்பு வாங்கிவிடுங்கள்.

எண்ணும் எழுத்தும்

மேலே இருவரும் எழுதியதைப் படித்தால், கணக்கெடுப்பையே கைவிட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வரக்கூடும். அதை நான் மறுக்கிறேன். யார் எந்த வழியில் வந்தார்கள், எத்தனை பேர் கம்பெனி மாறினார்கள் என்பவை எண்ணிச் சொல்ல வேண்டிய செய்திகள். நாற்பது நீண்ட உரையாடல்களை வைத்துக்கொண்டு "பெரும்பாலானோர்" என்று எழுத முடியாது. ஆனால் நீங்கள் திட்டமிட்டிருக்கும் கணக்கெடுப்பு அந்த வேலையைச் செய்யாது.

384 என்பது கிரெஜ்சியும் மோர்கனும் 1970-இல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருவது. பத்து இலட்சம் பேர் கொண்ட தொகுதிக்கு, 95 விழுக்காடு நம்பகத்தன்மையும் 5 விழுக்காட்டுப் பிழை வரம்பும் வேண்டுமானால் 384 பேர் போதும் என்கிறது அது. அதற்கு அடிப்படை நிபந்தனை, தொகுதியிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் கொண்ட பட்டியலிலிருந்து சமவாய்ப்பு முறையில் ஆட்களை எடுப்பது. திருப்பூரின் புலம்பெயர் தொழிலாளர்களுக்கு அத்தகைய முழுமையான பட்டியல் கிடையாது. தொழிலாளர் துறையின் இணையப் பதிவு, பதிந்தவர்களை மட்டுமே காட்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ஆம் ஆண்டோடு நிற்கிறது. அடுத்தது 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. 2020-21-ஆம் ஆண்டின் காலமுறைத் தொழிலாளர் ஆய்வில் இடப்பெயர்வுக் கேள்விகள் இருந்தன என்றாலும், அதன் மாதிரி ஒரு நகரத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும் அளவுக்குப் பெரியதன்று. பட்டியல் இல்லாதபோது, கிடைத்தவரிடம் கேட்டுவிட்டு அட்டவணையின் எண்ணை மட்டும் கடன் வாங்குவதில் பயன் எதுவும் இல்லை.

இன்னொரு சிக்கல், ஓர் அறையில் தங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே ஊரிலிருந்து ஒரே வழியில் வந்தவர்கள். ஓர் அறைக்கு 4 பேர் என்று கேட்டு, அவர்களின் விடைகளுக்கிடையிலான ஒட்டுறவு 0.5 என்று வைத்துக்கொண்டால், வடிவமைப்பு விளைவு (இப்படிக் கொத்தாக எடுப்பதால் மாதிரியின் பயன் எத்தனை மடங்கு குறைகிறது என்பது) 1 + (4 − 1) × 0.5, அதாவது 2.5. உங்கள் 384 பேர் தரும் தகவல் ஏறத்தாழ 154 பேர் தரும் தகவலுக்குச் சமம். ஆகவே அறைக்கு ஒருவரை மட்டும் எடுத்து, அறையில் உள்ளோரின் எண்ணிக்கையைக் கொண்டு எடையிடுங்கள்.

நான் பரிந்துரைப்பது இதுதான். அவிநாசி சாலை, பெருமாநல்லூர் சாலை, பல்லடம் சாலைப் பகுதிகளில் தன்மை வேறுபட்ட இரண்டு அல்லது மூன்று குடியிருப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு லைன் வீட்டையும் ஒவ்வோர் அறையையும் நீங்களே நடந்து பட்டியலிடுங்கள். அந்தப் பட்டியலிலிருந்து சமவாய்ப்பு முறையில் அறைகளை எடுங்கள். முடிவுகள் திருப்பூர் முழுமைக்கும் பொருந்தும் என்று உரிமை கொண்டாட முடியாது. ஆனால் அந்தக் குடியிருப்புகளைப் பற்றி நீங்கள் சொல்லும் ஒவ்வோர் எண்ணும் நிற்கும். வாய்மொழித் தேர்வில் என்னைப் போன்ற ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தாலும் நிற்கும்.

கை வர்க்கச் சோதனையை எல்லா மாறிகளுக்கும் ஒன்றோடொன்று போடாதீர்கள். 5 விழுக்காட்டு அளவில் 60 சோதனைகள் செய்தால், எந்தத் தொடர்பும் இல்லாத தரவிலும் சராசரியாக 3 சோதனைகள் "பொருளுடையவை" என்று தற்செயலாக வந்து நிற்கும். பரிந்துரைகள் இயலில் அந்த மூன்றைக் கொண்டுதான் அரசுக்கு அறிவுரை சொல்லியிருப்பார்கள்!

இதையெல்லாம் விட முக்கியமானது, யார் கண்ணில் படுகிறார்கள் என்பது. இன்றைக்கு அறையில் இருப்பவரைக் கேட்டால், நெடுநாள் தங்கியவர்களே மிகுதியாக அகப்படுவார்கள். மூன்று மாதத்தில் மனம் வெறுத்து ஊர் திரும்பியவர் உங்கள் மாதிரியில் இருக்கவே மாட்டார். முதல் கம்பெனியை விட்டு வெளியேறுவதைப் பற்றிய ஆய்வுக்கு இது அடிப்படையையே அரிக்கும் குறை. புதிதாக வந்து இறங்கியவர்களில் ஒரு குழுவைத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொண்டு, ஓராண்டுக்குக் கைப்பேசி வழியாகத் தொடருங்கள். எண்ணை மாற்றிவிடுவார்கள் என்பதால், ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரின் எண்ணையும் ஒப்புதலோடு வாங்கிக்கொள்ள வேண்டும். பழையவர்களிடம், ஆண்டு வாரியாக எந்தக் கம்பெனி, என்ன வேலை, ஷிப்ட் கூலியா பீஸ் ரேட்டா, யார் சேர்த்துவிட்டது என்று வேலை வரலாற்றை ஒரே தாளில் நாட்காட்டி போல நிரப்புங்கள். திருவிழா, திருமணம், 2020 ஊரடங்கு ஆகியவற்றை நினைவுக் கொக்கிகளாக வைத்தால் ஆண்டுகள் பெருமளவு சரியாக வரும்.

நொய்யல்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுமொழிகளை நெறியாளரிடமும் காட்டினேன். மையக் கேள்வியைப் பின்வருமாறு எழுதியிருக்கிறேன்: "உறவினர், கான்ட்ராக்டர், அரசுப் பயிற்சித் திட்டம் ஆகிய வெவ்வேறு வழிகளில் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கு வந்துசேரும் தொழிலாளர்கள், முதல் கம்பெனியை விட்டு விலகவும் திறனும் கூலியும் கூடிய வேலைக்கு மாறவும் பெறும் வாய்ப்பில் எவ்வாறு வேறுபடுகிறார்கள்? அவ்வேறுபாட்டை உண்டாக்குவது வந்த வழியா, தங்குமிடமா, பாலினமா?" மாமாவின் யூனிட்டை விலக்கிவிடவும், முதலாளிகளின் நேர்காணலுக்கு மட்டும் அவரது உதவியைப் பெறவும் முடிவு செய்திருக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. தொழிலாளர்களின் சொந்த ஊருக்கும் சென்று பார்க்க வேண்டும் என்று நெறியாளர் விரும்புகிறார். அது என் காலத்துக்குள் அடங்குமா என்று தெரியவில்லை. மேலும், பதிவு செய்த தலைப்பு பழையதாக இருக்கும்போது கேள்வியை இவ்வளவு மாற்றினால் கமிட்டி ஏற்குமா?

மூன்றாம் ஆண்டு

நானும் ஆய்வாளர்தான், களப்பணியை முடித்து எழுதிக்கொண்டிருப்பதால் உங்கள் கடைசி இரண்டு ஐயங்களுக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, பாடநெறியையும் சேர்த்துக் குறைந்தது 3 ஆண்டுகள், மிகுதியாக 6 ஆண்டுகள். பெண் ஆய்வாளர்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டுகள் வரை சலுகை உண்டு. உதவித்தொகையோ இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்ந்து 5 ஆண்டுகள்தான். முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். ஆகவே நீங்கள் திட்டமிட வேண்டியது பணம் இருக்கும் 5 ஆண்டுகளுக்குத்தான், விதி அனுமதிக்கும் காலத்துக்கன்று. பட்டியலிடுவதற்கும் கணக்கெடுப்புக்கும் சேர்த்து ஓர் ஆண்டு, புதியவர்களைத் தொடர்வதற்கு அடுத்த ஓர் ஆண்டு, எழுதுவதற்கு ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் என்று வைத்தால் மிச்சம் அதிகம் இல்லை. புதியவர்களைத் தொடரும் அந்த ஆண்டில் கைப்பேசி வேலை போக நேரம் இருக்கும். சட் பூசைக்கோ ரஜ விழாவுக்கோ ஊர் திரும்பும் ஒரு குழுவோடு சேர்ந்து போய் ஒரே ஓர் ஊரில் மூன்று நான்கு வாரம் தங்கிவிட்டு வருவது அதற்குள் அடங்கும். இரண்டு மாநிலங்களில் இரண்டிரண்டு ஊர்கள் என்று எழுதினால் கமிட்டியில் பாராட்டுவார்கள், ஆனால் உங்களால் செய்து முடிக்க முடியாது. எந்த ஊர் என்பதை இப்போதே எழுதவும் வேண்டாம். கணக்கெடுப்பில் எந்த ஊரிலிருந்து மூன்று வழிகளிலும் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தால், ஊர் என்ற மாறியை நிறுத்திவைத்து வழிகளை மட்டும் ஒப்பிடும் வாய்ப்பும் கிடைக்கும்.

தலைப்பைப் பற்றி: பல பல்கலைக்கழகங்களில் சுருக்கவுரையைச் சமர்ப்பிக்கும் கட்டம் வரை, கமிட்டியின் பரிந்துரையோடு தலைப்பைத் திருத்த முடியும். உங்கள் பல்கலைக்கழக விதியேட்டில் எந்தக் கட்டம் வரை என்பதை ஆய்வுப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து வடிவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கூட்டத்திலேயே பழைய தலைப்பையும் புதிய கேள்வியையும் ஒரே பக்கத்தில் வைத்து, மாற்றத்துக்கான காரணத்தை நான்கு வரிகளில் சொல்லி, நிகழ்ச்சிக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். வாய்மொழியாகத் தலையசைத்த உறுப்பினர் ஓய்வுபெற்றுப் போய்விட்டால், புதிதாக வருபவர் முதலிலிருந்து கேட்பார்.

கமிட்டி கூடுவதற்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும் அல்லவா? அதற்குள் ஒரு குடியிருப்பில் ஒரு வீதியை மட்டும் நடந்து, லைன் வீடுகளையும் அறைகளையும் பட்டியலிட்டு, ஐந்தாறு பேரிடம் வேலை வரலாற்றுத் தாளை நிரப்பிப் பாருங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறார்கள், மூன்று வழிகள் என்று நாம் இங்கே உட்கார்ந்து பிரித்தது அங்கே பொருந்துகிறதா அல்லது நான்காவது ஐந்தாவது வழிகள் இருக்கின்றனவா என்பது தெரிந்துவிடும். முன்வரைவின் ஆய்வுமுறைப் பகுதியை அதன் பிறகு எழுதுங்கள். அந்தப் பட்டியலின் ஒரு பக்கத்தைப் பின்னிணைப்பாக வைத்தால், 384 எங்கே என்று கேட்பவருக்கும் அதுவே விடையாக இருக்கும்.